அல்சூரில் ஒரு மதிலைச் சுற்றி ஐந்து நாள் நடந்த கதை

பெங்களூரில் நடக்க முடியுமா என்று இந்த வலைப்பதிவில் பலர் கேட்டிருக்கிறீர்கள். இத்தனை நாள் பதில் சொல்லாமல் தட்டிக்கழித்து வந்தேன். கடந்த மார்ச்சில் அங்கே ஐந்து நாள் வேலை கிடைத்தது. வேலையே நடப்பதைப் பற்றியது. இனியும் நழுவ முடியாது.

புதிதாக வந்திருப்பவர்களுக்காக என்னைப் பற்றி இரண்டு வரி. ஈரோட்டில் சின்னதாக ஓர் அலுவலகம் வைத்திருக்கிறேன். கடைவீதிகள், பேருந்து நிலைய முகப்புகள், நடைபாதைகள் இவற்றுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது பிழைப்பு. மிச்ச நேரத்தில் ஊர் ஊராக நடந்து பார்த்து இங்கே எழுதுகிறேன். வயது நாற்பத்தாறு. கார் ஓட்டத் தெரியும், ஓட்டுவதில்லை.

என்னை அழைத்தது ஒரு கட்டுமான நிறுவனம். அதன் பெயரை எங்கும் எழுதக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது, எழுதவில்லை. வழியை எழுதக் கூடாது என்று எந்த வரியும் இல்லை. ஆகவே வழியை மீட்டர் கணக்கில் எழுதப் போகிறேன்.

அல்சூர் பக்கம் பழைய கிடங்குகள் நின்ற பெரிய மனை அது. அங்கே ஆறு அலுவலகக் கோபுரங்கள் வரப்போகின்றன. முதல் கோபுரம் முடிந்து ஆட்கள் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். "நடந்தே புழங்கக்கூடிய அலுவலக வட்டாரம், தெருவோரக் கடைகளுடன்" என்று மின்னஞ்சலில் எழுதியிருந்தார்கள். படித்த அன்றே பையைக் கட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை 6:25க்கு கன்டோன்மென்ட் ரயில் நிலையத்தில் இறங்கினேன். அல்சூர் மெட்ரோவுக்குப் பக்கத்திலிருந்த விடுதிக்கு ஆட்டோவில் 110 ரூபாய், பதினெட்டு நிமிடம். ஓட்டுநர் பொம்மனஹள்ளிக்காரர், தமிழர். நான் நடந்து பார்க்க வந்திருக்கிறேன் என்றதும் கண்ணாடி வழியாக என்னை ஒருமுறை பார்த்தார்.

"நடக்கறதுன்னா இந்த ஊர்ல காலைல ஏரியைச் சுத்தி நடக்கறதுதான் மேடம். ஆபீசுக்கு யாரு நடப்பாங்க?"

அந்தக் கேள்வியை அந்த ஐந்து நாளில் வேறு வேறு வாய்களிலிருந்து கேட்டேன். ஒவ்வொரு முறையும் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கோபம் ஏறியது. அந்தக் கோபம் எனக்கு உதவியாகவே இருந்தது.

ஒன்பது மணிக்கு நிறுவனத்தின் கார் விடுதி வாசலில் வந்து நின்றது. ஓட்டுநரிடம் மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டு 9:05க்கு நடக்கத் தொடங்கினேன். வரைபடத்தில் மெட்ரோ வாசலிலிருந்து கோபுரத்துக்கு நேர் வழியில் 460 மீட்டர்தான். பெரிய சாலையில் முந்நூறு மீட்டர், வலது பக்கம் ஒரு கடைச் சந்து நூற்றிருபது மீட்டர், சந்து முடிகிற இடத்திலிருந்து கோபுரத்தின் வாசல்படி நாற்பது மீட்டர். ஆனால் சந்தின் முடிவில் வழி இல்லை. நீலத் தகரம் அடித்து அடைத்திருந்தார்கள். அந்தத் தகரம் சாலையோரமாக இடமும் வலமும் நானூற்றுப் பத்து மீட்டருக்கு ஓடியது. ஒரு கதவு இல்லை, ஒரு ஜன்னல் இல்லை, நிழலுக்கு ஒரு மரம் இல்லை. பாதி தூரத்தில் ஒரு மின்பெட்டி நடைபாதையை முழுசாக அடைத்துக்கொண்டு நின்றது. அங்கே சாலையில் இறங்கித்தான் போக வேண்டும். பேருந்துகள் முழங்கையை உரசாத குறையாகப் போகும். கடைசியில், மறுபக்கம் இருந்த வாகன வாசலை நான் அடைந்தபோது 9:31. காவலர் பதிவேட்டில் என் வண்டி எண்ணைக் கேட்டார். வண்டி இல்லை என்றேன். அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேலதிகாரிக்கு போன் போட்டார்.

என்னை வரவேற்றவர் கிரண். திட்ட மேலாளர், முப்பத்தைந்து வயதிருக்கும், தும்கூர்க்காரர். நல்ல மனிதர். யாருக்கோ பயந்த மாதிரியே எப்போதும் பேசுவார். பெரிய திரையில் ஆறு கோபுரங்களையும் சுற்றிக் காட்டினார். நீலத் தகரம் இருக்கும் இடத்தில் நிரந்தர மதில் வரப்போகிறது, அதன்மேல் செடிகள், செடிகளுக்குள் விளக்குகள். அந்த மதிலை அழகாக்குவதுதான் என் வேலையாம்.

தெருவோரக் கடைகள் எங்கே என்று கேட்டேன். கிரண் திரையைப் பெரிதாக்கினார். இரண்டாம் மாடியில், குளிரூட்டிய ஒரு நடைகூடத்தின் இரு பக்கமும் கடைகள் இருந்தன. அடையாள அட்டையைத் தேய்த்தால்தான் உள்ளே போகலாம். அந்த நடைகூடத்துக்குத் "தெரு" என்று பெயர் வைத்திருந்தார்கள்.

நான் சிரித்துவிட்டேன். கிரண் சிரிக்கவில்லை. வாடகைக்கு வரும் கம்பெனிகள் பாதுகாப்பு கேட்கிறார்கள், வெளியே திறந்தால் கூட்டம் சேரும், டைரக்டருக்கு அது பிடிக்காது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். டைரக்டரை வியாழக்கிழமை பார்க்கலாம், அதற்குள் மதிலுக்கு மூன்று மாதிரிகள் வேண்டும் என்றார்.

மதிய நேரம் ஆறாம் மாடி ஜன்னலிலிருந்து கீழே பார்த்தேன். சந்து கால் நுனியில் கிடக்கிற மாதிரி தெரிந்தது. தையல் கடைப் பலகையைப் படிக்கலாம், டீக்கடைப் பாய்லரிலிருந்து ஆவி எழுவதைப் பார்க்கலாம். கீழே இறங்கித் தகரத்திடம் போனேன். அங்கே சாம்பல் நிறச் சீருடையில் ஒரு பெண், தகரத்தில் முறுக்கியிருந்த திருகுகளை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். பெயர் கௌதமி. முதல் கோபுரத்தில் துப்புரவுப் பணிக்கு மேற்பார்வையாளர். வீடு அதே சந்தில். சந்தின் நடுவே இருக்கும் சின்ன புத்த விகாரத்தை ஒட்டினாற்போல. நாலு தலைமுறையாக அங்கேதான்.

நான் யார் என்று சொன்னதும், "மதில் போட வந்த மேடமா?" என்று கேட்டார். அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது.

கோபுரம் கட்டிக்கொண்டிருந்தபோது அந்த இடம் திறந்துதான் இருந்ததாம். கொத்தனார்களும் மேஸ்திரிகளும் சந்தில்தான் சாப்பிட்டார்கள். கம்பெனிகள் குடிவந்ததும் அடைத்துவிட்டார்கள்.

"கேட்டு தெறந்து இருந்தா வூட்டுக்குப் போய் ஊட்டா முடிச்சிட்டு பத்து நிமிஷத்துல வந்துருவேன் மேடம். இப்ப சுத்திப் போவணும், சுத்தி வரணும். அரை மணி நேரம் ரோட்லயே பூடுது," என்றார். ஊட்டா என்றால் கன்னடத்தில் சாப்பாடு.

அவரோடு சேர்ந்து சுற்றி நடந்தேன். கோபுர வாசலிலிருந்து சந்துக்கு 840 மீட்டர், பதிமூன்று நிமிடம். மின்பெட்டி இருந்த இடத்தில் இறங்கியபோது அவருடைய நடை மாறியது. வலது கையை மார்போடு சேர்த்துக்கொண்டார். போன மழைக்காலத்தில், அடைத்த இரண்டாம் வாரம், அங்கேதான் ஒரு பைக் அவரை இடித்துத் தள்ளியிருக்கிறது. மணிக்கட்டு இரண்டாக உடைந்து, உள்ளே தகடு வைத்து, ஏழு வாரம் வேலைக்குப் போகவில்லை. இன்னும் அந்தக் கையால் தரை துடைக்கும் துணியைப் பிழிய முடியாது. இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை, குரலும் உயரவில்லை. பஸ் நேரம் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

அன்று முடிவு செய்துவிட்டேன். மதிலுக்கு ஒரு மாதிரிகூட வரையப் போவதில்லை.

செவ்வாயும் புதனும் அளவு நாடாவோடு அந்தச் சந்தில் கழிந்தன. நடக்கத்தக்க அலுவலக வட்டாரம் எப்படி இருக்க வேண்டும் என்று பெரிய பெரிய அறிக்கைகள் எழுதுகிறார்கள். இங்கே அது ஏற்கெனவே இருக்கிறது, நூற்றிருபது மீட்டர் நீளத்தில். ஒரு பக்கத்தில் மட்டும் முப்பத்தொரு வாசல். ஐந்தாறு எட்டு வைத்தால் அடுத்த வாசல். ஜெராக்ஸ், சாவி, மருந்து, மூக்குக் கண்ணாடி, பூ, பிரியாணி, மொபைல் ரிப்பேர். மதியம் பன்னிரண்டு மணி வெயிலிலும் கடைகளின் கூரைத் தட்டிகள் நடப்பவர் தலைக்கு நிழல் தருகின்றன. எந்தப் பொறியாளரும் அளந்து வைத்ததில்லை, ஆனாலும் எல்லாத் தட்டிகளும் ஏழடி உயரத்தில்தான் இருக்கின்றன. தமிழில் விலை கேட்டு, கன்னடத்தில் பேரம் பேசி, உருதுவில் நன்றி சொல்லிப் போகிறார்கள்.

தையல்கார ஷபீர் பாய் ஆபீஸ்காரர்களின் பேன்ட்டுகளை அளவு குறைத்துக் கொடுப்பவர். நான் வாசலை அளந்தபோது இடிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். விஷயம் தெரிந்ததும் நாடாவின் மறுமுனையை அவரே பிடித்தார். தகரம் அடித்த பிறகு கோபுரத்திலிருந்து ஒருவர்கூட வருவதில்லையாம். எதிரே நிற்கிறது பதினான்கு மாடி, ஒரு பட்டன் தைக்கக்கூட ஆள் வரவில்லை என்றார்.

புதன் மாலை விடுதியில் உட்கார்ந்து வரைந்தேன். மதில் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று மீட்டர் அகலத்தில் ஒரு வழி. வழியின் இரு பக்கமும் கோபுரத்தின் தரைத்தளத்திலேயே, தெருவைப் பார்த்த ஒன்பது சின்னக் கடைகள். நூறு மீட்டருக்குள் ஆறேழு வாசலாவது இல்லாவிட்டால் மனிதன் நடையை வேகமாக்குவான், அதன்பிறகு நடக்கவே வரமாட்டான் என்பது இருபது வருடம் தெருக்களில் நின்று நான் கற்றது. ஓரத்தில் அதையும் எழுதினேன்.

கிரணுக்கு அனுப்பியதும் போன் வந்தது. இதைக் காட்டினால் உங்கள் வேலை போய்விடும் என்றார், நிஜமான கவலையோடு. அறைக்குள் உட்கார்ந்து காட்டப் போவதில்லை, டைரக்டரை என்னோடு ஒருமுறை நடந்து வரச் சொல்லுங்கள் என்றேன். கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

கௌதமியிடமும் கேட்டேன். கூட வந்தால் உங்களுக்குப் பிரச்சினை வருமா என்று.

"வேலை போச்சுன்னா பாத்துக்கலாம் மேடம். கை போனப்பவே பாத்துக்கிட்டேன்."

வியாழன் 12:45க்கு நான்கு பேரும் புறப்பட்டோம். டைரக்டர் மல்லேஸ்வரத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். தாத்தா காலத்தில் அரசாங்க வேலைக்காக வந்து தங்கிய தமிழ்க் குடும்பம். என்னிடம் தமிழ், கிரணிடம் கன்னடம், போனில் ஆங்கிலம் என்று மூச்சு விடாமல் மாறி மாறிப் பேசினார். மரியாதைக் குறைவாக ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் கடினமாக இருந்தது. கத்துகிறவர்களோடு சண்டை போடுவது எனக்குச் சுலபம்.

மின்பெட்டி வந்தது. நடைபாதை அங்கே முடிவதை அவர் எதிர்பார்க்கவில்லை. இறங்குவதா நிற்பதா என்று ஒரு கணம் தயங்கினார். அதற்குள் ஒரு பேருந்து நெருங்கி வர, தகரத்தோடு ஒட்டிக்கொண்டார். வெள்ளைச் சட்டையின் தோளில் புழுதி அப்பியது. கௌதமி அங்கேயே நின்று, எங்கே விழுந்தேன் என்று காட்டினார். மணிக்கட்டில் தையல் போட்ட தழும்பையும் காட்டினார்.

டைரக்டருக்கு முகம் வாடிவிட்டது. உண்மையாகவே வருந்தினார் என்றுதான் நினைக்கிறேன். "ஸ்டாஃபுக்கு ஒரு வேன் ஏற்பாடு பண்ணிடலாம், கிரண்," என்றார்.

"நாப்பது மீட்டர் போறதுக்கு வேனா சார்?" என்றார் கௌதமி.

மேலே நடந்தோம். கௌதமி முன்னால் போக, டைரக்டர் என் பக்கம் சாய்ந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க. உங்க வரைபடம் நல்லா இருக்கு. ஆனா இந்த ஊர்ல நடந்து போறவங்க நம்ம ஆளுங்க இல்ல."

தாழ்ந்த குரல்தான், ஆனாலும் கௌதமிக்குக் கேட்டுவிட்டது. திரும்பவில்லை. நின்றார், அவ்வளவுதான். நாங்கள் மூவரும் நிற்க வேண்டியதாயிற்று.

"சார், என் முதுகைப் பாருங்க. உங்க கம்பெனி பேர்தான் போட்டிருக்கு."

சாம்பல் சட்டையின் முதுகில் பெரிய வெள்ளை எழுத்துகளில் போட்டிருந்தது. டைரக்டர் அதைப் படித்தார். படித்தார் என்பதை அவர் கண்கள் இடமிருந்து வலம் போனதிலேயே பார்த்தேன்.

சந்தின் முடிவில் தகரத்துக்கு இந்தப் பக்கம் நின்று, மேலே எழும்பி நிற்கும் தன் கோபுரத்தை அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு திரும்பிப் போக காரை வரச் சொன்னார். பெரிய சாலை நெரிசலில் கார் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர இருபத்தாறு நிமிடம் ஆயிற்று. நாங்கள் மூவரும் ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு நடந்தே அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டோம். கிரண் அன்றுதான் என் முன்னால் முதல்முறை சிரித்தார்.

வெள்ளி காலை 9:40க்கு மின்னஞ்சல் வந்தது. என் உழைப்புக்கு நன்றி, மதில் வேலையை வேறொரு குழு எடுத்துக்கொள்ளும். நான்கே வரி. கோபம் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் மறைக்கவில்லை. விடுதி அறையில் யாருக்கு மறைப்பது?

அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க மதியம் போனபோது தகரத்தின் முன்னால் பெண்கள் நின்றிருந்தார்கள். கௌதமியோடு சேர்த்துப் பதினான்கு பேர், எல்லாரும் சாம்பல் சீருடை. கோஷம் இல்லை, பதாகை இல்லை. சாப்பாட்டு நேரம் தொடங்கிவிட்டது, வீட்டுக்குப் போக வேண்டும், வழி இது, திறக்கும்வரை நிற்கிறோம். அவ்வளவுதான் அவர்கள் சொன்னது. கழுத்தில் பட்டையில் அட்டை தொங்கிய நான்கைந்து இளைஞர்கள் லிஃப்டிலிருந்து இறங்கி வந்து என்னவென்று கேட்டார்கள். அந்தப் பக்கம் பிரியாணிக் கடை இருக்கிறது என்று தெரிந்ததும் அவர்களும் நின்றுகொண்டார்கள். பத்து நிமிடத்தில் ஐம்பது பேருக்கு மேல் இருப்பார்கள். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில், வேலை போன ஆளாக, நானும் நின்றேன்.

காவலர் கிரணை அழைத்தார். கிரண் வந்து தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்காவது போன் செய்வார் என்று நினைத்தேன். போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, ஃபிட்டரைக் கூப்பிட்டு, எட்டுத் திருகுகளைக் கழற்றச் சொன்னார். ஒரு தகரம் விலகியது. யாரும் கை தட்டவில்லை. அரை மணி சாப்பாட்டு நேரத்தில் பாதி போயிருந்தது, எல்லாரும் வேக வேகமாகச் சந்துக்குள் போனார்கள். கௌதமி கடந்து போகும்போது என் தோளை இடது கையால் ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார்.

பிறகு என்ன ஆயிற்று? ஏப்ரலில் கிரண் எழுதினார். அவர் வேலை போகவில்லை. மூன்று மீட்டர் வழி ஆறு மாதம் சோதனையாகத் திறந்திருக்கும், டைரக்டரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். தினமும் எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று எண்ணுவார்கள். போதாது என்று தோன்றினால் பழைய திட்டப்படி மதில். நான் வரைந்த ஒன்பது கடைகள் கோப்பில் இருக்கின்றன. கிழித்துப் போடவில்லை, கட்டவுமில்லை.

வெற்றி என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஊரில் யாரும் நடப்பதில்லை என்று இனி யாராவது சொன்னால், அவர்கள் எங்கே கதவை அடைத்துவிட்டுச் சொல்கிறார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். நடப்பவர்கள் எப்போதும் இருந்தார்கள். எட்டுத் திருகு கழன்றதும் ஐம்பது பேர் போனதை என் கண்ணால் பார்த்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: அல்சூர் மெட்ரோவில் இறங்குங்கள். பெரிய சாலையில் முந்நூறு மீட்டர், வலது பக்கம் விகாரத்தின் ஐந்து வண்ணக் கொடி தெரியும் சந்து. வழி காலை எட்டிலிருந்து மாலை ஏழு வரை திறந்திருக்கும், ஞாயிறு கிடையாது. மெட்ரோவிலிருந்து கோபுரத்துக்கு நிதானமாக நடந்தால் ஆறு நிமிடம். மதியம் ஒன்றரைக்குள் போனால் பிரியாணி இருக்கும். அளவு குறைக்க வேண்டிய பேன்ட் இருந்தால் கொண்டுபோங்கள், ஷபீர் பாய் ஒரு மணி நேரத்தில் கொடுத்துவிடுவார். மதிலோரச் சாலையில் மட்டும் நடக்காதீர்கள். மின்பெட்டி அப்படியே நிற்கிறது.

மே மாதம் சொந்தச் செலவில் ஒருநாள் போய்வந்தேன். வழியின் ஓரத்தில் நாற்காலி போட்டு ஒரு காவலர், கையில் எண்ணும் பொத்தான் கருவி. ஆள் ஒருவர் கடந்தால் ஒரு அழுத்து. டீ குடிக்கப் போனேன். வந்தேன். கைக்குட்டையைக் கடையில் மறந்துவிட்டதால் திரும்பப் போனேன். சாவி ஒன்று நகலெடுத்தேன், கண்ணாடிக்குக் கயிறு வாங்கினேன், கௌதமியின் இடைவேளையில் அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். ஏழாவது முறை கடந்தபோது காவலர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மேடம், நீங்க சும்மாத்தானே போய்ப் போய் வர்றீங்க?"

இல்லை, ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தப் பக்கம் வேலை இருக்கிறது என்றேன். கையிலிருந்த மல்லிகைப் பொட்டலத்தையும் காட்டினேன். அவர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு பொத்தானை அழுத்தினார்.